பங்கு கையில் வந்தால் அதிகாரம் வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக முதலாளித்துவத்தின் கோளாறுகளைப் பற்றி நடுப்பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. தொழிலாளரையும் உழவரையும் உரிமையாளர் ஆக்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்கிறார்கள். நோயைப் பற்றிப் பத்துப் பத்தி, மருந்தைப் பற்றி அரைப் பத்தி. அந்த அரைப் பத்தியைப் பற்றித்தான் இக்கடிதம். யாருக்கு எத்தனை வாக்கு, மிச்சப் பணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படும், நட்டம் வந்தால் யார் தலையில் விழும் என்ற மூன்றையும் எழுதிக் காட்டாத வரை ‘மாற்று’ என்ற பேச்சுக்கு மேடைக்கு வெளியே மதிப்பில்லை.

இதற்கு அந்தக் கட்டுரைகள் புகழும் ஸ்பெயின் கூட்டுறவுகள் வரை போக வேண்டியதில்லை; கேரளத்தின் மூணாறு போதும். 1990களின் கடைசியிலிருந்து தேயிலை விலை சரிந்தது. டாடா டீ நிறுவனம் 2000இல் இங்கிலாந்தின் டெட்லியை வாங்கியது. 2005இல் மூணாறுத் தோட்டங்களைக் கைகழுவியது. அந்தத் தோட்டங்களை நடத்த உருவானதுதான் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி. அதன் பங்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊழியர் கைக்கு வந்தது. 12,000க்கும் மேற்பட்ட அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு வேர் கொண்டவர்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் அதில் பெரும்பகுதி. ‘தொழிலாளரே முதலாளி’ என்று அன்று பாராட்டாதவர் குறைவு.

எதைக் கொடுத்தார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். தேயிலையில் லாபம் பொட்டலத்திலும் பெயரிலும் இருக்கிறது. நட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. ஏலத்தில் விலை இறங்கினால் அது நேராக இலை பறிப்பவர் கூலியில் இடிக்கும். கடையில் விற்கும் அரைக் கிலோ பாக்கெட்டின் விலையோ அவ்வளவு எளிதில் இறங்காது. பெயர் பெற்ற பிராண்டு ஒரு கையில் தங்கியது. விலையை நிர்ணயிக்க வழியில்லாத தோட்டம் மறு கைக்கு மாறியது. புதிய கம்பெனியும் பிறகு சொந்தமாக ஒரு பாக்கெட் தேயிலையைக் கொண்டுவந்தது என்றாலும், உலகச் சந்தையில் வேரூன்றிய பெயர்களோடு அது மோத வேண்டியிருந்தது. உலகச் சங்கிலியில் நட்டம் தரும் கண்ணியை மட்டும் கழற்றித் தொழிலாளரிடம் தருவதை எவரும் தாராள மனசு என்று எழுத வேண்டாம்.

அடுத்தது வாக்கு. சாதாரணக் கம்பெனிச் சட்டப்படி பங்குக்கு ஒரு வாக்கு. ஆளுக்குச் சில நூறு பங்கு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோர், சிதறிக்கிடக்கும் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்துகொண்டு, ஒரு பொதுக்குழுவில் ஒரே குரலாக வாக்களிப்பது நடைமுறையில் நடக்காது. பெரிய கட்டாகப் பங்கு வைத்திருப்பவரும் நிர்வாகமும் சொல்வதே முடிவாகிவிடும். பங்குப் பத்திரம் இருக்கும், ஆண்டுதோறும் கொஞ்சம் டிவிடெண்டு வரலாம், அதிகாரம் இருக்காது.

விளைவு 2015 செப்டம்பரில் தெரிந்தது. முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. போனஸ் சட்டத்தில் கீழ்வரம்பு 8.33, மேல்வரம்பு 20. பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். ஒன்பது நாள் மூணாறு நகரமே நின்றுபோனது. தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. முடிவில் 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை என்று பிரித்து 20 ஆக்கிக் கொடுத்தார்கள். நாள்கூலி ₹232ஐ ₹500 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை ₹301இல் போய் நின்றது.

தங்கள் கம்பெனியை எதிர்த்துத் தாங்களே சாலை மறியல் செய்யும் முதலாளிகளை வேறெங்கும் பார்க்க முடியாது. அந்த ஆண்டு கம்பெனிக்கு வருமானம் குறைந்தது பொய்யென்று நான் சொல்லவில்லை. விலை சரிகிறது என்பது ஏலக்கூடத்தில் வாரந்தோறும் தெரியும் செய்தி. அது ஏப்ரலிலும் மேயிலும் லயத்துக்கு வந்திருக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது, கூலிக்கு எவ்வளவு, மராமத்துக்கு எவ்வளவு, மேலாளர் சம்பளத்தில் எவ்வளவு குறைப்பது என்று உரிமையாளர்கள் கூடி முடிவெடுத்திருக்க வேண்டும். நடந்தது வழக்கமான அறிவிப்பு. பங்குச்சான்றிதழ் வைத்திருந்த பெண்களுக்கும் வைத்திருக்காதவர்களுக்கும் அந்த அறிவிப்பில் வித்தியாசமே இல்லை.

அதே கேரளத்தில் இதற்கு நேர்மாறான ஓர் அமைப்பும் உண்டு. வடகரைப் பக்கம் 1925இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழில் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று பாலமும் சாலையும் ஐ.டி. வளாகமும் கட்டுகிறது. அதன் இயக்குநர்கள் உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளர்கள். பணியிடப் பொறுப்பும் அவர்களிடமே. குழு நாள்தோறும் கூடுவது வழக்கம். எந்தப் பணியிடத்தில் சிமென்ட் வீணானது என்பது மறுநாளே பேசப்பட்டுவிடும். பெரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை. தகவல் காலத்தில் வந்து சேருகிறது, அவ்வளவுதான்.

இனி, எல்லோரும் புகழும் மோந்த்ரகோன். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள அந்தச் சிற்றூரில் அரிஸ்மெந்தியரியேதா என்ற பாதிரியார் 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அங்கே படித்த ஐந்து பேர் 1956இல் உல்கோர் என்ற அடுப்புத் தொழிற்சாலையைத் தொடங்கினர். 1959இல் சொந்த வங்கி வந்தது. இன்று 80க்கும் மேற்பட்ட கூட்டுறவுகள், ஏறத்தாழ 70,000 ஊழியர். இதுவரை கட்டுரையாளர்கள் எழுதிவிடுகிறார்கள். அது எப்படி ஓடுகிறது என்பதில்தான் விஷயம்.

உறுப்பினராகச் சேர ஒருவர் ஏறத்தாழ 15,000 யூரோ கட்ட வேண்டும்; கீழ்நிலை ஊழியர் ஒருவரின் ஓராண்டு ஊதியத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம். மொத்தமாகக் கட்ட முடியாதவருக்கு மாத ஊதியத்தில் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு கட்டினாலும் வாக்கு ஒன்றுதான். மாதாமாதம் வாங்குவதைச் சம்பளம் என்று அவர்கள் கணக்கில் எழுதுவதில்லை. வரப்போகும் மிச்சத்தின் மீதான முன்பணம் என்றே எழுதுகிறார்கள். வெறும் கணக்குச் சம்பிரதாயம் போலத் தோன்றும். ஆனால் மிச்சம் வராத ஆண்டில் முன்பணத்தைக் குறைக்க உறுப்பினர் கூட்டமே வாக்களிக்கலாம் என்ற வழி அந்த ஒரு சொல்லில்தான் திறக்கிறது. மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் உள்ள ஊதிய வித்தியாசம் தொடக்கத்தில் மூன்று மடங்கு. பிறகு கூடி, உச்சத்தில் ஆறு மடங்கு வரை போனது.

ஆண்டு முடிவில் 100 யூரோ மிச்சம் என்று வையுங்கள். பாஸ்க் சட்டப்படி குறைந்தது 20 சேமநிதிக்கு (கூட்டுறவின் பொது இருப்புக்கு), 10 கல்விக்கும் ஊர்ப்பணிக்கும். நடைமுறையில் சேமநிதிக்கு 45 வரை ஒதுக்குவார்கள். மீதி 45 உறுப்பினருக்கு. ஆனால் ரொக்கமாகக் கையில் தருவதில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள மூலதனக் கணக்கில் வரவு வைப்பார்கள். வட்டி மட்டும் கையில் வரும். அசல் தொகை வருவது, வேலையை விட்டு நீங்கும்போதோ ஓய்வு பெறும்போதோதான். அதுவரை அந்தப் பணம் தொழிற்சாலையில் இயந்திரமாக நிற்கும். நட்டம் வந்தால் அதே கணக்கில் பற்று விழும். வெளி வங்கிக்கு ஓடாமல், பங்குச்சந்தைக்குப் போகாமல் வளர்ந்த இரகசியம் இது. கட்டுரைகளில் வரும் ‘தோழமை’, ‘ஒற்றுமை’ எல்லாம் உண்மைதான். ஆனால் தோழமையைத் தாங்கி நின்றது இந்தப் பூட்டு.

இந்தப் பூட்டே ஒரு நாள் கழுத்தை நெரித்தது. உல்கோரின் வழிவந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் சலவை இயந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் செய்தது. கொரியாவும் துருக்கியும் சீனாவும் ஐரோப்பியச் சந்தைக்குள் வந்தபோது, பெரிதானால்தான் பிழைக்கலாம் என்று 2005இல் பிரான்சின் ‘பிராண்ட்’ (Brandt) என்ற வீட்டுச் சாதன நிறுவனத்தைக் கடன் வாங்கி வாங்கியது. 2008இல் ஸ்பெயினின் வீட்டுமனைக் குமிழி உடைந்தது. புது வீடு கட்டாத நாட்டில் புதுக் குளிர்பதனப் பெட்டி யாருக்கு? உறுப்பினர்கள் தங்கள் ஊதியத்தைத் தாங்களே குறைத்தார்கள். மற்ற கூட்டுறவுகள் கடன் கொடுத்தன. 80 கோடி யூரோவுக்கு மேல் கடன் நின்ற நிலையில், 2013 அக்டோபரில் இனிமேல் தர முடியாது என்று குழுமம் கைவிரித்தது. ஃபாகோர் திவாலானது.

பாஸ்க் பகுதியில் உறுப்பினராக இருந்தவர்களில் பலருக்குப் பிற கூட்டுறவுகளில் வேலை கிடைத்தது. மூத்தவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு. முதலாளித்துவக் கம்பெனி மூடினால் இந்த வாய்ப்பு இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மூலதனக் கணக்கில் சேர்ந்திருந்தது போயிற்று. நிறுவனத்துக்கே விருப்பக் கடனாகப் பணம் கொடுத்து வைத்திருந்த ஓய்வு பெற்றவர்களும் தெருவுக்கு வந்து போராடினார்கள். வேலையும் சேமிப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கூரை சரியும்போது இரண்டும் போகும். போலந்திலும் பிரான்சிலும் இருந்த ஆலைகள் சாதாரணக் கம்பெனிகள். அங்கே வேலை செய்தவர்களுக்கு வாக்கும் இல்லை, வேறு கூட்டுறவில் இடமும் இல்லை. உள்ளூரில் உறுப்பினர், வெளியூரில் கூலி என்ற இரண்டு அடுக்கு, உலகச் சந்தையில் போட்டி போடும் ஒவ்வொரு கூட்டுறவையும் பிடிக்கும் நோய். 2022 டிசம்பரில் ஒரோனா, உல்மா என்ற இரு பெரிய கூட்டுறவுகள் குழுமத்தை விட்டே வெளியேற வாக்களித்தன. லாபம் ஈட்டுபவை பொதுப் பையிலிருந்து பிரிந்துபோவதை எந்த விதியாலும் முழுக்கத் தடுக்க முடியவில்லை.

இத்தாலியர் இந்த ஓட்டையை வேறு வகையில் அடைத்தார்கள். அங்கே கூட்டுறவின் சேமநிதி யாருக்கும் பிரித்துத் தர முடியாத பொதுச்சொத்து. அப்படி ஒதுக்குவதற்கு 1977 முதல் வரிச்சலுகை உண்டு. 1992 சட்டப்படி ஒவ்வொரு கூட்டுறவும் லாபத்தில் 3 விழுக்காட்டைப் புதிய கூட்டுறவுகளுக்கான நிதிக்குக் கட்ட வேண்டும். உறுப்பினர் ஓய்வு பெறும்போது பெருந்தொகை வெளியே போகாது. அதே நேரம் முப்பது வருடம் உழைத்தவருக்குத் தன் பெயரில் பெரிதாக ஒன்றும் சேராது. இரண்டில் எது நல்லது என்றால், நலிவடையக்கூடிய தொழிலில் இத்தாலிய வழி, நிலையான தொழிலில் பாஸ்க் வழி என்பேன்.

இதெல்லாம் ஐரோப்பியப் பேச்சு, நமக்கென்ன என்று கேட்பவருக்கு: இன்று தமிழ்நாட்டு உழவர் பெயரில் நடக்கும் மிகப் பெரிய ‘மாற்று’ முயற்சி உற்பத்தியாளர் கம்பெனி. 2002இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. பத்து உற்பத்தியாளர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. மூணாற்றில் இல்லாதது இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் பூட்டுத் தொங்கும் அலுவலகங்கள் பல. காரணத்தைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

2020இல் அறிவித்த ஒன்றிய அரசுத் திட்டப்படி சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். ஆளுக்கு ₹2,000 பங்குத்தொகை என்றால் ₹6 லட்சம். அரசு ஈடாகத் தரும் பங்கு மானியம் ஆளுக்கு ₹2,000 வரை; அது இன்னொரு ₹6 லட்சம். ஆக ₹12 லட்சம். மஞ்சள் குவிண்டால் ₹13,000 என்று வைத்தால், பத்து டன் லோடு ஒன்றுக்கு ₹13 லட்சம். கம்பெனியின் மொத்த மூலதனமும் ஒரு லாரி மஞ்சளுக்குக்கூடப் போதாது! அந்த லாரி விற்றுப் பணம் வர முப்பது நாள் ஆனால், அதற்குள் வண்டியோடு வந்து நிற்கும் அடுத்த உறுப்பினரை ‘பொறுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மண்டிக்குப் போவார். விதைக்கும் உரத்துக்கும் ஆறு மாதம் முன்பே பணம் கொடுத்து வைத்திருப்பவரும் அந்த மண்டிக்காரர்தான். உறுப்பினருக்கு விசுவாசம் இல்லை என்று இயக்குநர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். முன்பணம் தருபவரிடம்தான் சரக்கு போகும்.

வழி உண்டு. சட்டமே ‘நிறுத்திவைத்த விலை’ என்ற ஏற்பாட்டைத் தருகிறது. சரக்கு இறங்கியதும் எழுபது விழுக்காடு கொடுத்துவிட்டு, மீதியை விற்ற பின் தரலாம். ஆண்டுக் கடைசியில் யார் எவ்வளவு சரக்கு போட்டாரோ அந்த அளவில் ஊக்கத்தொகை தரலாம். பதிவு பெற்ற கிடங்கில் சரக்கை வைத்து மின்னணுக் கிடங்கு ரசீது வாங்கினால் வங்கி அதன் பேரில் கடன் தரும்; முதல் எழுபது விழுக்காட்டுக்கான பணம் அங்கிருந்து வர வேண்டும். இவற்றைச் செய்யாமல் எடைமேடையும் கலர் பிரிக்கும் இயந்திரமும் வாங்குவது தலைகீழ் வேலை. மானியம் இயந்திரத்துக்குக் கிடைக்கிறது என்பதால் முதலில் இயந்திரம் வருகிறது. அது வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும். மின்கட்டணத்தின் நிலைக்கட்டணம் மட்டும் ஓடும்.

நிர்வாகச் செலவுக்கு அரசு தருவது மூன்றாண்டுக்கு ₹18 லட்சம் வரை. அது நின்றதும் முதன்மைச் செயல் அலுவலர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் போனதும் கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையும் இருப்புநிலைக் குறிப்பும் நின்றுபோகும். படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ₹100 தாமதக் கட்டணம். இரண்டு படிவம் ஓராண்டு தாமதித்தால் ₹73,000. மூன்றாண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டு தகுதி இழப்பார்கள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்பட்ட உழவருக்கு இது நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும். பொதுக்குழுவுக்கு உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கு வர வேண்டும். 1,000 பேர் உள்ள இடத்தில் 250 பேர். வராவிட்டால் என்ன செய்கிறார்கள் என்பது ஊரறிந்த கதை: வருகைப் பதிவேடு மறுநாள் வீடு வீடாகச் சுற்றும். அந்தப் பதிவேடு சுற்றத் தொடங்கிய நாளிலேயே அந்தக் கம்பெனியின் சனநாயகம் முடிந்தது. சரக்குப் போடும் உறுப்பினருக்கு மட்டும் வாக்கு என்று சங்க விதிகளில் எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எழுதியிருக்கும் கம்பெனிகள் குறைவு. பெயருக்குச் சேர்ந்தவர்களை இழக்க யாருக்கும் மனமில்லை, மானியக் கணக்குக்கு அவர்கள் வேண்டும்.

பழைய கூட்டுறவுச் சங்கங்களின் கதையை நீட்ட வேண்டாம். 1904இல் இந்தியாவின் முதல் வேளாண் கடன் சங்கம் திருவள்ளூர் பக்கம் திரூரில் பதிவானது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்தத் தமிழ்நாட்டில் 2013இலும் 2018இலும் தேர்தல் நடந்தது. 2018இல் வந்த குழுக்களின் காலம் 2023இல் முடிந்ததும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் மாற்றம் இல்லை. உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் நடத்தும் சங்கத்தைக் கூட்டுறவு என்பதைவிட அரசு அலுவலகத்தின் நீட்சி என்பதே பொருத்தம். முறைகேட்டைத் தடுக்கத்தான் அலுவலர் என்பார்கள். முறைகேட்டுக்குத் தணிக்கை மருந்து. தேர்தலை நிறுத்துவது இல்லை.

கடைசியாக ஒரு சட்டத் திருத்தம். நூற்பாலையோ தோட்டமோ மூடும்போது தொழிலாளருக்கு வர வேண்டிய பாக்கிதான் அவர்களின் ஒரே மூலதனம். இத்தாலியின் 1985 மார்க்கோரா சட்டப்படி மூடும் ஆலையின் தொழிலாளர்கள் வேலையிழப்பு உதவித்தொகையை மொத்தமாக முன்கூட்டி வாங்கிப் பங்காகப் போட்டு, கூட்டுறவாக ஆலையை எடுக்கலாம். அரசு நிதியமும் கூடவே பணம் போடும். அர்ஜென்டினா 2011இல் திவால் சட்டத்தைத் திருத்தி, சம்பளப் பாக்கியையே விலையாக வைத்து ஆலையை வாங்க வழி செய்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே நெவுக்கேன் நகரின் சானோன் பீங்கான் ஓடு (டைல்ஸ்) தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் எடுத்து ஓட்டிக் காட்டியிருந்தார்கள். நம்மிடமும் முன்னுதாரணம் உண்டு: 1988இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு மும்பை காமானி டியூப்ஸ் ஆலையைத் தொழிலாளர் கூட்டுறவு எடுத்தது. முதல் சில ஆண்டு நன்றாக ஓடியது. பிறகு நடைமுறை மூலதனம் இல்லாமலும் உட்பூசலிலும் நொடித்தது.

2016இன் திவால் சட்டம் கடைசி 24 மாதச் சம்பளப் பாக்கியைப் பிணையம் பெற்ற கடன்காரருக்கு இணையாக வைக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்தப் பாக்கி, ஆலையை உடைத்து விற்ற பிறகு வருகிற பணம். விற்பதற்கு முன்பே பாக்கியைப் பங்காக மாற்றி, வேறெவருக்கும் முன்னால் விலை கேட்கும் உரிமையைத் தொழிலாளர் கூட்டுறவுக்குத் தரும் ஒரு பிரிவு அந்தச் சட்டத்தில் சேர வேண்டும். அதோடு முதல் இரண்டாண்டு நடைமுறை மூலதனத்துக்குத் தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகத்தின் கடனும் வேண்டும். அது இல்லாமல் எடுத்தால் காமானிதான். தங்கள் கட்டுரையாளர்கள் அடுத்த முறை முதலாளித்துவத்துக்கு மாற்று தேடும்போது இந்தப் பிரிவின் வாசகத்தை எப்படி எழுதலாம் என்று தொடங்கினால் நல்லது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு